பின்னால் வந்த வண்டி: மாசன் குழுவின் திரும்பு பயணம், 1912–13 (நிகழ்வு ஆய்வு)

1912 டிசம்பர் 14. அண்டார்டிகாவில், கடலோரத் தளத்திலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி மூன்று பேர் பனிமேல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் ஸ்கீ கட்டைகளில் சேவியர் மெர்ட்ஸ். அவருக்குப் பின்னால், நாய்கள் இழுத்த ஸ்லெட்ஜ் வண்டியில் உட்கார்ந்து அட்சரேகைக் கணக்குப் போட்டபடி டக்ளஸ் மாசன். கடைசியில், தன் வண்டியின் பக்கத்தில் நடந்து வந்தவர் பெல்கிரேவ் நின்னிஸ். மெர்ட்ஸ் கையிலிருந்த கோலை உயர்த்திக் காட்டினார். கீழே பனிப்பிளவு இருக்கிறது என்று அதற்குப் பொருள். மாசன் தாண்டும்போது குனிந்து பார்த்தார். அதுவரை தாண்டி வந்த பிளவுகளைப் போலத்தான் அதுவும் தெரிந்தது. திரும்பி நின்னிஸுக்குக் குரல் கொடுத்தார். நின்னிஸ் நாய்களைத் திருப்பி, பிளவை நேர்குறுக்காகத் தாண்டும்படி ஓட்டினார். முறைப்படி செய்யவேண்டியதும் அதுதான். கொஞ்ச தூரம் போனபின் மெர்ட்ஸ் நின்று பின்னால் பார்ப்பதை மாசன் கவனித்தார். அவரும் திரும்பினார். அங்கே நின்னிஸும் இல்லை, வண்டியும் இல்லை.

பனியில் ஒரு பெரிய ஓட்டை. ஏறக்குறைய 45 மீட்டர் ஆழத்தில் ஒரு திட்டின்மேல் முதுகு உடைந்த நாய் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. கையிலிருந்த கயிற்றையெல்லாம் சேர்த்துக் கட்டியும் அந்தத் திட்டைக்கூட எட்டவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை.

குளிர்ப் பிரதேசத்தில் உயிர்பிழைக்கும் திறன்களைக் கற்றுக்கொள்ள விரும்பும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த நிகழ்வைத்தான். மாசனின் மன உறுதியைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அது உண்மை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கற்றுக்கொள்பவருக்கு மன உறுதியை யாரும் பாடமாக எடுக்க முடியாது. எந்தப் பொருள் எந்த வண்டியில் இருந்தது, எந்தக் கயிறு எங்கே கட்டியிருந்தது, எந்தத் துணி யாரிடம் இல்லை என்பதைப் பாடமாக எடுக்கலாம். அந்தக் கண்ணோடு பார்த்தால், அடுத்த எட்டு வாரங்களில் நடந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் காரணம் கையில் கிடைக்கிறது.

பின்னணி

மாசன் நிலவியலாளர். 1911 முதல் 1914 வரை நடந்த ஆஸ்திரலேசிய அண்டார்டிகா பயணத்தின் தலைவர். அவர்களுடைய தளம் கேப் டெனிசன். அங்கே ஆண்டு முழுவதற்குமான சராசரிக் காற்று வேகமே மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் இருந்ததாக அவர்கள் அளவெடுத்துச் சொன்னார்கள். இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்கவேண்டும். காற்றே இல்லாத −10 டிகிரியில் நல்ல உடையோடு ஒருவர் நிம்மதியாக வேலை செய்யலாம். அதே −10 டிகிரியில் 80 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது −24 டிகிரி போல இருக்கும் என்று இன்றைய கணக்கீட்டு வாய்பாடு சொல்கிறது. உடலைச் சுற்றி நாமே சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தைக் காற்று அடித்துக்கொண்டு போவதுதான் காரணம். குளிர்கால உடையில் கம்பளியைவிட முதலில் தேடவேண்டியது காற்றுப் புகாத மேலுறை என்று சொல்வது இதனால்தான்.

1912 நவம்பர் 10-ஆம் தேதி மூவரும் நாய்களோடும் மூன்று ஸ்லெட்ஜ் வண்டிகளோடும் கிழக்கே கிளம்பினார்கள். மெர்ட்ஸ் ஸ்விட்சர்லாந்துக்காரர், சட்டம் படித்தவர், தேர்ந்த பனிச்சறுக்கு வீரர். நின்னிஸ் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, வயது 25. ஒரு மாதத்தில் இரண்டு பெரிய பனியாறுகளைக் கடந்தார்கள். டிசம்பர் 13-ஆம் தேதி, தேய்ந்துபோன ஒரு வண்டியை அங்கேயே விட்டுவிட்டுச் சாமான்களை இரண்டு வண்டிகளில் அடுக்கினார்கள். அந்த அடுக்கில்தான் விஷயம் இருக்கிறது.

பிளவு இருந்தால் முன்னால் போகும் வண்டிதான் விழும் என்று அவர்கள் நினைத்தார்கள். நியாயமான நினைப்புதான். அதனால் பின்வண்டிக்கு நல்ல நாய்கள் ஆறையும் கட்டி, கூடாரத்தையும், உணவில் பெரும் பகுதியையும், நாய்களுக்கான தீனி முழுவதையும், கோடரியையும் மண்வெட்டியையும் அதில் ஏற்றினார்கள். மறுநாள் விழுந்தது பின்வண்டி.

ஏன் நின்னிஸ்?

மூன்று பேரும் பிளவின் வாயை மூடியிருந்த அதே பனிப்பாலத்தின்மேல்தான் போனார்கள். மெர்ட்ஸின் எடையை இரண்டு நீளமான ஸ்கீ கட்டைகள் பரப்பித் தாங்கின. மாசனின் எடை வண்டியின் நீண்ட சட்டங்கள்மேல் பரவியிருந்தது. நின்னிஸ் மட்டும் காலணியோடு நடந்தார். உடலின் மொத்த எடையும் ஒவ்வொரு அடியிலும் ஒரு பாதத்தின் அகலத்தில் இறங்கியது. அவருடைய காலடிதான் பாலத்தை உடைத்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. இரண்டு பேர் ஏற்கெனவே கடந்துபோனது மூன்றாமவருக்கு உத்தரவாதம் ஆகாது. முன்னால் போனவர்களின் எடை பாலத்தை இன்னும் தளர்த்தியும் விட்டிருக்கலாம்.

பனியாற்றில் நடப்பவர்கள் ஒருவரோடொருவர் கயிற்றில் பிணைந்துகொள்வது இன்று அடிப்படைப் பயிற்சி. நாய் வண்டியோடு போகும்போது அப்படிச் செய்வது அவர்களுக்கு வசதிப்படவில்லை. பிளவுகள் நிறைந்த தரையில் ஒரு மாதம் எதுவும் ஆகாமல் நடந்தால் எச்சரிக்கை தானாகவே தளரும். அது மனித இயல்பு, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் இருந்தவை

மாசனின் வண்டியில் இருந்தவை: தூங்கும் பைகள், அடுப்பு, மண்ணெண்ணெய், ஏறக்குறைய ஒன்றரை வாரத்துக்கான உணவு, ஒரு கூடாரத்தின் மேல்துணி மட்டும், கருவிகள் சில, மெலிந்த நாய்கள் ஆறு. அடுப்பும் எரிபொருளும் தப்பியது பெரிய அதிர்ஷ்டம். ஏனென்றால் பனிப்பாலைவனத்தில் தண்ணீர் என்பது எரிபொருள்தான். உருகும் நிலையில் இருக்கும் ஒரு கிலோ பனியை, வெறுமனே தண்ணீராக்குவதற்கு மட்டும் 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அடுப்பு இல்லாதவர் பனியை வாயில் போட்டுக்கொண்டால் அந்த வெப்பத்தைக் கொடுப்பது அவருடைய உடல். தாகம் தீரும் அளவுக்குப் பனி தின்றால், நடுங்கிச் சேர்த்த சூடெல்லாம் அதிலேயே போய்விடும்.

இருவரும் முதலில் முந்தின நாள் முகாமிட்ட இடத்துக்குத் திரும்பினார்கள். அங்கே விட்டுப்போன வண்டியிலிருந்து மரத்தை அறுத்து எடுத்தார்கள். அதையும் மெர்ட்ஸின் ஸ்கீ கட்டைகளையும் வைத்துக் கூடாரத் துணிக்குக் கால் கொடுத்தார்கள். மெர்ட்ஸ் மரத்தைச் செதுக்கிக் கரண்டிகள் செய்தார், வெறும் தகரப் பெட்டிகள் குவளைகள் ஆயின. கரண்டி இல்லாவிட்டால் என்ன என்று தோன்றலாம். கையுறையைக் கழற்றிச் சூடான கஞ்சியை விரலால் எடுத்துச் சாப்பிட்டு, ஈர விரல்களோடு −15 டிகிரியில் உட்கார்ந்து பார்த்தால் கரண்டியின் மதிப்பு தெரியும்.

எல்லோரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு சங்கதி இங்கே இருக்கிறது. மெர்ட்ஸின் காற்றுப் புகாத மேல்காற்சட்டை பின்வண்டியோடு பிளவுக்குள் போய்விட்டது. அதற்குப் பதிலாக அவர் கூடுதலாகக் கம்பளி உள்ளுடைதான் போட்டுக்கொள்ள முடிந்தது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், ஆனால் காற்றையோ காற்றோடு வரும் பொடிப்பனியையோ அது தடுக்காது. அண்டார்டிகாவின் கோடைக்காலம் அது. பல நாள் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருந்ததால், மேலே விழுந்த பனி உருகி நனைத்தது. நடைபயணத்தில் உலர்ந்த −20 டிகிரியைவிட ஈரமான 0 டிகிரி மோசம் என்று அனுபவசாலிகள் சொல்வதை நான் முதலில் நம்பவில்லை. ஒரே ஒரு முறை நனைந்த உடையோடு இரவு தங்கியதும் நம்பிவிட்டேன். நீர் வெப்பத்தைக் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். நனைந்த துணியில் காற்றறைகள் நீரால் நிரம்பிவிடுவதால், துணி இருந்தும் பாதுகாப்பு இருக்காது.

கூடாரமும் அவர்களுக்கு எதிராகவே வேலை செய்தது. அவர்கள் கட்டியது இரண்டு பேர் நெருக்கிப் படுக்கும் அளவுக்குத்தான். உள்ளே அடுப்பு எரியும்போது நீராவி துணியில் படிந்து உறைந்து, பிறகு உருகித் தூங்கும் பைகள்மேல் சொட்டியது. சிறிய கூடாரத்தில் அடுப்பு எரிப்பவர் மேலே ஒரு வழி திறந்து வைக்கவேண்டியது இதற்காக மட்டும் இல்லை. மணமற்ற கார்பன் மோனாக்சைடு அடைத்த இடத்தில் ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். குளிருக்குப் பயந்து எல்லாத் துளையையும் அடைப்பது புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் மிக ஆபத்தானது.

உணவும் மெர்ட்ஸின் முடிவும்

நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றார்கள். கடைசி நாய் ஜிஞ்சர் டிசம்பர் இறுதியில் போனது. பட்டினியில் வற்றிப்போன நாயின் இறைச்சியில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை. கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் தின்று மனித உடல் நெடுநாள் தாக்குப்பிடிக்காது. வயிறு நிறைந்தாலும் பசி அடங்காது, பலவீனம் கூடும். குளிரில் உடல் கேட்பது கொழுப்பையும் சர்க்கரையையும்தான்.

தசை நார்நாராக இருந்ததால் மெல்லுவதற்கு எளிதான ஈரலையும் விரும்பித் தின்றார்கள். அந்த ஈரலில் வைட்டமின் ஏ நச்சாகும் அளவுக்கு இருந்திருக்கும் என்ற விளக்கம் 1969-ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. தோல் உரிதல், முடி கொட்டுதல், வயிற்று வலி, மனக்குழப்பம் என்று இருவருக்கும் வந்த அறிகுறிகள் அதோடு பொருந்துகின்றன. துருவக் கரடியின் ஈரலைத் தொடக்கூடாது என்பது ஆர்க்டிக் மக்களுக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த செய்தி. பட்டினியும் குளிரும் மட்டுமே போதுமான காரணம் என்று வாதிடுபவர்களும் உண்டு. என் தீர்ப்பு, எல்லாம் சேர்ந்துதான் மெர்ட்ஸைக் கொன்றன. ஆனால் இருவரும் பெரும்பாலும் அதே உணவைத்தான் தின்றார்கள், மேல்காற்சட்டை இல்லாதவர் முதலில் விழுந்தார். அந்த வேறுபாட்டை என்னால் ஒதுக்க முடியவில்லை.

டிசம்பர் கடைசியிலேயே மெர்ட்ஸ் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஜனவரி முதல் வாரத்தில் பெரும்பாலும் மோசமான வானிலை, கூடாரத்துக்குள்ளேயே கிடந்தார்கள். 6-ஆம் தேதி கிளம்பி மூன்று கிலோமீட்டர் அளவே போக முடிந்தது. மெர்ட்ஸை வண்டியில் ஏற்றி மாசன் இழுத்தார். 7-ஆம் தேதி மெர்ட்ஸுக்குச் சித்தப்பிரமை வந்தது. 8-ஆம் தேதி அதிகாலையில் இறந்தார். தளத்துக்கு இன்னும் ஏறக்குறைய 160 கிலோமீட்டர் இருந்தது.

இந்த இடத்தில் உடல் குளிர்வதன் படிகளைச் சொல்லியாகவேண்டும். உடலின் உள்வெப்பம் 37-லிருந்து 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. முதல் கட்டத்தில் நடுக்கம் பலமாக இருக்கும், விரல்கள் சொன்னபடி கேட்காது, ஆள் எரிந்துவிழுவார் அல்லது ஒதுங்கிப்போவார். 32 டிகிரியை நெருங்கும்போது நாக்கு குழறும், தடுமாறுவார், அப்புறம் நடுக்கமே நின்றுவிடும். நடுக்கம் நின்றதைப் பார்த்து 'சரி, சூடாகிவிட்டார்' என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் உடல் சூடு உண்டாக்குவதைக் கைவிட்ட நேரம் அது. 28 டிகிரிக்குக் கீழே நாடித்துடிப்பைக் கண்டுபிடிப்பதே கடினம். உடம்பைத் தூக்கிப் புரட்டினால்கூட இதயம் தாளம் தவறலாம் என்பதால் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கவேண்டும்.

தன் உடல் குளிர்வதை அந்த ஆள் தானாக உணரமாட்டார். முடிவெடுக்கும் திறன்தான் முதலில் போகிறது. ஆகவே குழுவில் ஒவ்வொருவருக்கும் இன்னொருவர் பொறுப்பு. கலகலப்பானவர் வாயை மூடிக்கொண்டால், சாப்பிட மறுத்தால், கையுறை கழன்று விழுந்ததை எடுக்காமல் நடந்தால், அங்கேயே நிற்கவேண்டும். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, தரையிலிருந்து பிரித்துப் படுக்கவைத்து, விழுங்க முடிகிறவருக்கு இனிப்பான சூடான பானம் கொடுக்கவேண்டும். மது கூடவே கூடாது. அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும். மாசனிடம் இதைச் செய்ய உலர்ந்த துணியும் இல்லை, உணவும் இல்லை.

தனியாக

மெர்ட்ஸைத் தூங்கும் பையோடு பனிக்கட்டிகளுக்கு அடியில் அடக்கம் செய்தபின் மாசன் அவசரப்பட்டுக் கிளம்பவில்லை. காற்றும் விடவில்லை. அந்த நாட்களில் அவர் வண்டியைச் சிறிய கருவியால் குறுக்கே அறுத்துப் பாதியாக்கினார். மெர்ட்ஸின் மேல்சட்டையை வைத்துப் பாய் தைத்தார். மிச்ச இறைச்சியை ஒரே தடவையில் வேகவைத்து மண்ணெண்ணெயைச் சேமித்தார். ஜனவரி 11-ஆம் தேதிதான் கிளம்பினார்.

சில கிலோமீட்டர் நடந்ததும் பாதத்தில் ஏதோ கசகசப்பு. காலுறையைக் கழற்றினால் இரண்டு உள்ளங்கால்களின் தடித்த தோலும் அப்படியே உரிந்து கையோடு வந்தது. கீழே புதுத் தோல் சிவந்து பச்சையாக இருந்தது. அவர் லானோலின் களிம்பைத் தடவி, உரிந்த தோலையே அதன்மேல் வைத்துக் கட்டி, ஆறு ஜோடிக் காலுறைகளைப் போட்டுக்கொண்டு நடந்தார். லானோலினும் உதிரிக் காலுறைகளும் தப்பிய வண்டியில் இருந்ததை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

கால்களைப் பற்றிய பாடம் எளிது, ஆனால் களைத்துப்போன மாலையில் யாரும் செய்வதில்லை. ஒவ்வொரு முகாமிலும் காலணியைக் கழற்றிப் பார்க்கவேண்டும். இரவுக்கென்று ஒரு ஜோடி உலர்ந்த காலுறை, அதை எக்காரணம் கொண்டும் பகலில் போடக்கூடாது. விரல் வெளுத்து மரத்துப்போனால் அக்குளில் அல்லது துணையின் வயிற்றில் வைத்துச் சூடேற்றலாம். ஆழமாக உறைந்துவிட்டால் தேய்க்கவே கூடாது, பனியால் தேய்ப்பது பழைய தவறு. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில்தான் உருக்கவேண்டும், அதுவும் மறுபடி உறையாது என்ற உறுதி இருந்தால் மட்டும். உருகி மீண்டும் உறைந்தால் சேதம் பல மடங்கு. உறைந்த காலோடு நடந்து உதவியை அடைவது, பாதி வழியில் உருக்கிக்கொள்வதைவிட மேல்.

ஜனவரி 17-ஆம் தேதி மாசன் பிளவுக்குள் விழுந்தார். இந்த முறை கயிறு இருந்தது. வண்டியோடு தன்னைப் பிணைத்திருந்த கயிற்றின் நுனியில், நாலு மீட்டருக்கு மேல் ஆழத்தில் தொங்கினார். மேலே பாதி வண்டி பனியில் சிக்கி நின்றது. கயிற்றில் முடிச்சுகள் இருந்தன. ஒவ்வொரு முடிச்சாகப் பிடித்து விளிம்புவரை ஏறினார். விளிம்பு உடைந்தது, மறுபடி கீழே. இரண்டாவது முறை காலை முதலில் வெளியே போட்டு உருண்டு தப்பினார். அன்று இரவு யோசித்துக் கயிற்றில் ஏணி ஒன்று கட்டினார். ஒரு நுனி வண்டியில், மறு நுனி தன் தோளில். அதற்குப் பின்னும் விழுந்தார், ஏணியில் ஏறி வந்தார். வழுக்குக் கயிற்றில் வெறும் கையால் ஏறுவதும் படிமேல் கால் வைத்து ஏறுவதும் ஒன்றாகாது. அடுத்த முறை விழுவதற்கு முன்பே ஏணியைக் கட்டியிருந்தார் என்பதுதான் அவரைக் காப்பாற்றியது.

ஜனவரி 29-ஆம் தேதி வழியில் பனியால் கட்டிய ஒரு மேடு தெரிந்தது, மேலே கறுப்புத் துணி. மாசனைத் தேடி வந்த மூன்று பேர் குழு உணவுப் பையையும், அடுத்த தங்குமிடம் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் என்ற குறிப்பையும் வைத்துவிட்டு அன்று காலையில்தான் திரும்பியிருந்தது. அந்த மூன்று பேர் மாசனைப் பார்க்கவில்லை, ஆனால் அவரைக் காப்பாற்றியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வெள்ளை வெளியில் கறுப்புத் துணி கட்டவேண்டும் என்று தோன்றியதே அவர்களின் பயிற்சிக்குச் சான்று.

பிப்ரவரி 1-ஆம் தேதி, தளத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் அளவில் பனிக்குள் வெட்டி வைத்திருந்த 'அலாதீன் குகை'யை அடைந்தார். அதற்கப்பால் இறக்கம் முழுக்க வழுக்குப் பனிக்கட்டி. காலணிக்கடியில் கட்டும் முள்தகடுகளை எடை குறைக்க முன்பே எறிந்துவிட்டிருந்தார். பெட்டிப் பலகையில் ஆணியும் திருகும் அடித்துத் தானே செய்துகொண்டவை காலை அறுத்தன, உடைந்தும் போயின. காற்று தணிவதற்காக ஒரு வாரம் குகைக்குள்ளேயே காத்திருந்தார். பிப்ரவரி 8-ஆம் தேதி இறங்கியபோது பயணக் குழுவை அழைத்துப்போக வந்த அரோரா கப்பல் அடிவானத்தில் போய்க்கொண்டிருந்தது. அவரைத் தேடுவதற்காகத் தங்கியிருந்த ஆறு பேரோடு இன்னொரு குளிர்காலத்தை அங்கேயே கழித்தார். எறிந்த பொருளைப் பற்றி நான் கடுமையாகச் சொல்லமாட்டேன். பட்டினியில் ஒவ்வொரு கிராமும் கனக்கும். ஆனால் எதை எறிவது என்று களைப்பில் முடிவெடுத்தால், கடைசி ஒன்பது கிலோமீட்டரின் தரை எப்படி இருக்கும் என்பது நினைவுக்கு வராது.

பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள

இந்த நிகழ்விலிருந்து எங்கள் குழு எடுத்துக்கொண்ட பயிற்சிகள் கொஞ்சம்தான். தடித்த கையுறையோடு முடிச்சுப் போடுவது, அதையே கண்ணை மூடிக்கொண்டு செய்வது. இடுப்புக் கயிற்றில் தொங்கி ஏறி வருவது, வீட்டுக்குப் பக்கத்திலேயே, பாதுகாப்பான உயரத்தில். கைகளைக் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்தபின் அடுப்பைப் பற்றவைப்பது. இவை விரல்களுக்குப் பழக்கமாகவேண்டிய வேலைகள், படித்து வராது.

இன்னொன்று, கிளம்புவதற்கு முந்தின இரவில் செய்வது. எல்லாப் பைகளையும் வரிசையாக வைத்துச் சீட்டுக் குலுக்கி ஒரு பையை எடுத்துவிடுவோம், அது பிளவுக்குள் போனதாகக் கணக்கு. மிச்சமிருப்பதை வைத்து அந்த இரவைத் திறந்த வெளியில் கழிக்கவேண்டும். தீ மூட்டும் பொருளும் ஒரு மேலுறையும் ஒவ்வொருவர் உடம்பிலும், கூடாரமும் அடுப்பும் வெவ்வேறு பைகளில், உணவு எல்லாப் பைகளிலும் என்று விதி வைத்துக்கொண்டோம். முதல் முறை செய்தபோது அந்த விதி இல்லை. சீட்டில் விழுந்த பையில்தான் இரண்டு தீப்பெட்டிகளும் இருந்தன. உறைந்த ரொட்டியைச் சட்டைக்குள் வைத்து இளக்கித் தின்றுவிட்டு, பொழுது விடியும்வரை யாரும் சரியாகத் தூங்கவில்லை. விடிந்ததும் ஒருவரும் பேசாமல் பைகளைப் பிரித்துத் தரையில் கொட்டி, முதலிலிருந்து அடுக்கத் தொடங்கினோம்.